குடும்ப விக்கியை எந்த சர்வரில் வைப்பது?

சித்தப்பா ஒரு பழைய பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்து சாப்பாட்டு மேசையில் வைத்தார். உள்ளே தாத்தா வேலை பார்த்த தோட்டத்தின் செக்ரோல் (வேலையாட்களின் வருகை, கூலிக் கணக்கு) தாள்கள் நாலைந்து, கோயில் திருவிழா நோட்டீஸ்கள், பாட்டியின் சிவப்பு அடையாள அட்டை, நூல் கட்டிய கடிதக் கட்டு ஒன்று. நிபோங் திபால் பக்கத்தில் இருந்த அந்தத் தோட்டம் இப்போது இல்லை. லயங்கள் இருந்த இடத்தில் செம்பனை நிற்கிறது. டின்னில் இருந்ததையும், அதை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து சித்தப்பா சொன்னதையும் எழுதி வைக்கத்தான் எங்கள் குடும்ப விக்கி, அதாவது வீட்டார் சேர்ந்து எழுதித் திருத்தும் இணையத்தளம், தொடங்கியது. இன்று அதில் ஏறக்குறைய 400 பக்கங்கள் இருக்கின்றன. ஆட்கள், வீடுகள், பள்ளிகள், சமையல், யாருக்கு யார் என்ன முறை என்ற விவரம் எல்லாம் சேர்ந்துவிட்டது.

இதைப் பார்த்த உறவினர்களும் நண்பர்களும், பட்டர்வொர்த்திலிருந்து கிள்ளான் வரை, ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள். "நாங்களும் ஒன்று தொடங்கணும், எந்த சர்வர் எடுக்கிறது?" சர்வர் என்றால் விக்கியை வைத்திருந்து, கேட்பவர்களுக்கு அனுப்பித் தரும் கணினி. இணையத்தில் இதற்கு வழிகாட்டிகள் நிறைய உண்டு. ஆனால் அவை ஆங்கில எழுத்தை மனத்தில் வைத்து எழுதியவை. தமிழ்ப் பக்கங்களை ஏற்றும்போது எங்கே இடிக்கும் என்பது அவற்றில் இருக்காது. மலேசிய வீட்டு இணைப்பின் குணமும் நம் ஊர் இடிமின்னலும் இருக்காது. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். செயலி எத்தனை, நினைவகம் எவ்வளவு, வேகம் என்ன என்று கேட்டுத் தொடங்க வேண்டாம். நான் இல்லாத நாளில் இந்த விக்கியை வேறொரு மெஷினில் எழுப்பி நிறுத்த வீட்டில் யாரால் முடியும் என்று கேளுங்கள். அதற்குப் பதில் தெரிந்துவிட்டால் மென்பொருளும் சர்வரும் பாதி முடிவாகிவிடும்.

அளவு பற்றிய பயத்தை முதலில் தீர்த்துக்கொள்ளலாம். எழுத்துகளைக் கணினியில் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஆங்கில எழுத்து ஒன்றுக்கு 1 பைட், தமிழ்க் குறி ஒன்றுக்கு 3 பைட். 'அம்மா' என்ற சொல் கணினிக்கு ஐந்து குறிகள்: அ, ம, புள்ளி, ம, கால். ஆக 15 பைட். இப்படிக் கணக்குப் போட்டால் ஆயிரம் சொல் உள்ள ஒரு தமிழ்ப் பக்கம் 25 கேபி அளவில் வரும். அப்படி ஆயிரம் பக்கம் எழுதினாலும் 25 எம்பிதான். இப்போது இன்னொரு பக்கம் பாருங்கள். ஒரு ஏ4 தாளை 300 டிபிஐ வண்ணத்தில் ஸ்கேன் செய்து, சுருக்காத டிஃப் கோப்பாக வைத்தால், 2480 புள்ளி அகலம், 3508 புள்ளி உயரம், புள்ளிக்கு 3 பைட். பெருக்கினால் 26 எம்பி. ஒரு குடும்பம் வாழ்நாள் முழுவதும் எழுதும் எழுத்தும், பிஸ்கட் டின்னில் இருந்து எடுத்த ஒரே ஒரு தாளும் கணினிக்கு ஏறக்குறைய ஒரே எடை. அதனால் எழுத்துக்காகப் பெரிய சர்வர் எடுக்க வேண்டியதே இல்லை. மூல ஸ்கேன்களை வீட்டில் இரண்டு ஹார்ட் டிஸ்க்கில் வைத்துக்கொள்ளுங்கள். விக்கியில் ஏற்றுவதற்கு ஒன்றிரண்டு எம்பி உள்ள ஜேபெக் நகல் போதும். 1 ஜிபி நினைவகமும் 25 ஜிபி வட்டும் உள்ள மிகச் சிறிய வாடகை சர்வரே ஒரு குடும்பத்துக்குத் தாராளம்.

மென்பொருளுக்கு வருவோம். பலரும் முதலில் நினைப்பது மீடியாவிக்கி, ஏனென்றால் விக்கிப்பீடியா ஓடுவது அதில்தான். தமிழ் இடைமுகம் அதில்தான் சிறப்பாக இருக்கிறது. தன்னார்வலர்கள் பல ஆண்டுகளாக மொழிபெயர்த்து வருகிறார்கள். பத்துப் பதினைந்து பேர் சேர்ந்து எழுதப்போகிறீர்கள், வார்ப்புருக்கள் வேண்டும், பகுப்புகள் வேண்டும் என்றால் அதை எடுங்கள். ஆனால் அது வழக்கமாகத் தரவுத்தளத்தோடு ஓடும். பக்கத்தின் எழுத்து மரியாடிபி போன்ற தரவுத்தளத்துக்குள் இருக்கும், படங்கள் தனிக் கோப்புறையில் இருக்கும், அமைப்புகள் இன்னொரு கோப்பில் இருக்கும். மூன்றையும் சேர்த்து எடுத்தால்தான் அது காப்பு நகல். நீண்டகால ஆதரவுப் பதிப்பு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை வருகிறது, ஒவ்வொன்றுக்கும் ஆதரவு மூன்று ஆண்டு. அதற்குள் நீங்கள் மேம்படுத்தியாக வேண்டும். மீடியாவிக்கி எழுதப்பட்ட பிஎச்பி மொழியின் பதிப்பும் சர்வரில் கூடவே மாறும். இதைச் செய்ய ஒரு ஆள் வீட்டில் நிரந்தரமாக வேண்டும்.

டோக்குவிக்கி வேறு வகை. ஆண்ட்ரியாஸ் கோர் என்ற ஜெர்மானியர் 2004-இல் தொடங்கியது. தரவுத்தளமே கிடையாது. ஒவ்வொரு பக்கமும் ஒரு சாதாரண எழுத்துக் கோப்பு. சர்வர் போய்விட்டாலும், மென்பொருளே ஒருநாள் நின்றுவிட்டாலும், கோப்புறையைத் திறந்து எந்தக் கணினியிலும் நோட்பேடில் படிக்கலாம். நான் கேட்கச் சொன்ன கேள்விக்கு இதைவிட நல்ல பதில் எனக்குத் தெரியவில்லை. எங்கள் விக்கி டோக்குவிக்கியில்தான் இருக்கிறது. தனி ஒருவருக்கு மட்டும் என்றால் டிட்லிவிக்கி இன்னும் எளிது. மொத்த விக்கியும் ஒரே எச்டிஎம்எல் கோப்பு, சர்வரே வேண்டாம், பென்டிரைவில் போட்டுக்கொள்ளலாம். புக்ஸ்டாக் பார்க்க அழகாக இருக்கும், ஆனால் அதன் இயல்பான பிடிஎஃப் ஏற்றுமதி தமிழ் எழுத்தைக் கோத்துத் தராது. 'கெ' என்று எழுதினால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் உட்காரும். புத்தகமாக அச்சடிக்கும் எண்ணம் இருந்தால் உலாவியின் பிரிண்ட் வழியாகவே பிடிஎஃப் எடுங்கள்.

இனி டோக்குவிக்கியில் தமிழ் எங்கே இடிக்கும் என்று சொல்கிறேன். இதை யாரும் எனக்கு முன்னால் சொல்லியிருந்தால் இரண்டு ராத்திரி மிச்சமாகியிருக்கும். பக்கத்தின் தலைப்புத்தான் கோப்பின் பெயர். இயல்பான அமைப்பில் அந்தப் பெயரை டோக்குவிக்கி சதவீதக் குறி போட்டு மாற்றி எழுதும். அப்படி எழுதும்போது தமிழ்க் குறி ஒன்று 9 எழுத்தாகிவிடும். லினக்ஸில் ஒரு கோப்பின் பெயர் 255 பைட்டைத் தாண்டக்கூடாது. வகுத்துப் பாருங்கள், 28 குறிக்கு மேல் கிடைக்காது. 'பாட்டியின் நண்டுக் குழம்பு' 24 குறி, தப்பித்தது. 'தாத்தாவின் தோட்டத்துக் கணக்குப் புத்தகம்' 37 குறி. இடைவெளிக்கான மூன்று கோடுகளையும் சேர்த்தால் 336 எழுத்து. பக்கம் சேமிக்கப்படாது. அத்தை அரைமணி நேரம் தட்டச்சு செய்தது அப்படியே போய்விடும்.

இதற்கு அமைப்புப் பக்கத்தில் ஒரு தெரிவு இருக்கிறது. கோப்புப் பெயரை எந்த முறையில் எழுதுவது என்பதை யூடிஎஃப்-8 என்று மாற்றினால், அதே தலைப்பு 114 பைட்டில் அடங்கிவிடும். முதல் பக்கத்தை எழுதும் முன்பே இதை மாற்றிவிடுங்கள். நூறு பக்கம் எழுதிய பிறகு மாற்றினால், பழைய பெயரில் உள்ள கோப்புகளை டோக்குவிக்கி கண்டுபிடிக்காது. பக்கங்கள் எல்லாம் காணாமல் போனது போல் தெரியும். மீடியாவிக்கியிலும் தலைப்புக்கு 255 பைட் எல்லை உண்டு. அங்கே சதவீதக் குறி வேலை இல்லாததால் 85 தமிழ்க் குறி வரை போகும். நடைமுறையில் அது போதும்.

யூடிஎஃப்-8 பெயர் வைத்தவர்கள் இன்னொன்றையும் பார்த்துக்கொள்ள வேண்டும். 'தோ' என்பதை இரண்டு விதமாகச் சேமிக்க முடியும். த-வுக்குப் பிறகு 'ோ' என்ற ஒரே குறி. அல்லது த, அதன் பிறகு இரட்டைக் கொம்பு, அதன் பிறகு கால் என்று பிரித்து. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான், கணினிக்கு இரண்டும் வெவ்வேறு பெயர். பழைய மேக் கணினிகளின் வட்டு அமைப்பு கோப்புப் பெயரைப் பிரித்தே வைக்கும். தமிழில் ஒ, ஓ, ஔ வரும் உயிர்மெய்கள் எல்லாம் இதில் மாட்டும். பழைய மேக்கில் எடுத்த காப்பை லினக்ஸ் சர்வருக்குத் திருப்பி ஏற்றினால் 'தோட்டம்' பக்கம் திறக்காது, 'பள்ளி' பக்கம் திறக்கும். இதைத் தவிர்க்க ஒரு வழி இருக்கிறது. காப்பைத் தனித்தனிக் கோப்புகளாக நகலெடுக்காமல் டார் கோப்பாகக் கட்டி ஒரே மூட்டையாக அனுப்புங்கள். மூட்டையை மேக்கில் பிரிக்காமல் வைத்திருந்தால் பெயர்கள் மாறாது.

தரவுத்தளம் உள்ள விக்கியை எடுப்பவர்கள் எழுத்துத்தொகுதி யூடிஎஃப்8எம்பி4 என்று இருக்கிறதா பாருங்கள். பழைய மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்தில் வெறும் 'யூடிஎஃப்8' என்று போட்டால் 3 பைட் வரைதான் ஏற்கும். வழக்கமான தமிழ் அதற்குள் அடங்கிவிடும். ஆனால் தாத்தாக்களின் கணக்குத் தாள்களில் வரும் முந்திரி, மாகாணி போன்ற பின்னக் குறிகள் 2019-இல் யூனிகோட் 12.0-இல்தான் சேர்ந்தன, ஒவ்வொன்றும் 4 பைட். பழைய கணக்கைக் குறி மாறாமல் பெயர்த்தெழுத விரும்புகிறவர்களுக்கு இது முக்கியம்.

அப்புறம் தேடல். விக்கியின் உயிர் அதில்தான் இருக்கிறது, தமிழில் அது அவ்வளவு லேசில் வேலை செய்யாது. ஆங்கிலத்தில் ஊர்ப் பெயர் எந்த வாக்கியத்திலும் அப்படியே நிற்கும். தமிழில் பினாங்கு, பினாங்கில், பினாங்கிலிருந்து, பினாங்குக்கு என்று உருமாறிக்கொண்டே போகும். 'பினாங்கு' என்று தேடினால் 'பினாங்கில் பிறந்தார்' என்று எழுதிய பக்கம் வராது. போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம் 2019-இல் வந்த 12-ஆம் பதிப்பிலிருந்து தமிழ்ச் சொல்லின் விகுதியை வெட்டிப் பார்க்கும் வசதியைக் கொடுக்கிறது. ஆனால் நானூறு பக்கத்துக்காக அதைக் கட்டி மேய்க்க வேண்டாம். சொல்லின் கடைசியில் நட்சத்திரக் குறி போட்டுத் தேடினால் போதும். எங்கே வெட்டுவது என்பதில்தான் சூட்சுமம். 'தோட்டம்' என்று முழுதாக எழுதி நட்சத்திரம் போட்டால் 'தோட்டத்தில்' கிடைக்காது. 'தோட்ட' வரை எழுதி நட்சத்திரம் போட்டால் தோட்டம், தோட்டத்தில், தோட்டக்காரர் எல்லாம் வரும். 'வீட' என்று நிறுத்தினால் வீடும் வரும், வீட்டிலும் வரும். 'பினாங்க' என்று நிறுத்துங்கள். பள்ளியில் படித்த சாரியை, விகுதி எல்லாம் இங்கே பயன்படுகிறது. அம்மாவுக்கு இதை ஒருமுறை காட்டினேன், அடுத்த நாளே என்னைவிட வேகமாகத் தேடினார்.

ஊர்ப் பெயரின் எழுத்து வேறுபாடு தனிப் பிரச்சினை. ஜோர்ஜ்டவுன், ஜார்ஜ் டவுன், ஜார்ஜ்டவுன் என்று மூன்று பேர் மூன்று விதமாக எழுதுவார்கள். தெருக்களுக்கு ஆங்கிலப் பெயர் ஒன்று, மலாய்ப் பெயர் ஒன்று, வீட்டில் சொல்லும் பெயர் ஒன்று. குயின் தெரு மாரியம்மன் கோயில் என்று பாட்டி சொல்வது வரைபடத்தில் லெபோ குயின். எந்தப் பெயரையும் திருத்த வேண்டாம். ஒவ்வொரு பெயருக்கும் ஒரு பக்கம் தொடங்கி, அதில் முதன்மைப் பக்கத்துக்கு அனுப்பிவிடும் வழிமாற்று மட்டும் வைத்துவிடுங்கள். மீடியாவிக்கியில் இது உள்ளேயே இருக்கிறது, டோக்குவிக்கிக்கு ஒரு சிறு நீட்சி (கூடுதல் நிரல்) வேண்டும்.

சரி, மெஷின் எங்கே இருக்க வேண்டும்? வீட்டிலேயே வைத்தால் என்ன என்று எல்லோருக்கும் தோன்றும். ராஸ்பெர்ரி பை போன்ற சிறு கணினிப் பலகை 5 வாட் எடுத்தால், மாதம் முழுக்க ஓடினாலும் 3.6 யூனிட் மின்சாரம். பழைய மேசைக் கணினி 60 வாட் என்றால் 43 யூனிட். காசு பெரிய தடை இல்லை. தடை வேறு இடத்தில் இருக்கிறது.

உங்கள் ரௌட்டரின் நிர்வாகப் பக்கத்தைத் திறந்து, வெளிப்பக்க முகவரி என்ன என்று பாருங்கள். அது 100.64-க்கும் 100.127-க்கும் இடையில் தொடங்கினால், உங்களுக்கென்று தனியாக ஒரு இணைய முகவரி கிடையாது. நிறுவனம் ஒரே முகவரியைப் பல வீடுகளுக்குப் பகிர்ந்து கொடுக்கிறது. அடுக்குமாடியில் எல்லா வீட்டுக்கும் ஒரே தபால் பெட்டி வைத்தது போல. நீங்கள் கடிதம் அனுப்பலாம், பதிலும் வரும். ஆனால் வெளியிலிருந்து யாரோ புதிதாக உங்கள் வீட்டைத் தேடி வர முடியாது. விக்கி சர்வருக்கு வேண்டியது அந்த இரண்டாவது வகைதான். கிளவுட்ஃபிளேரின் சுரங்கப்பாதை, டெயில்ஸ்கேல் போன்ற வழிகள் இதைச் சுற்றிக்கொண்டு போகும், நன்றாகவே வேலை செய்யும். ஆனால் டெயில்ஸ்கேல் என்றால் சித்தப்பாவின் கைத்தொலைபேசியிலும் தைப்பிங்கில் இருக்கும் சின்னம்மாவின் கைத்தொலைபேசியிலும் ஒரு செயலியைப் போட்டு, அது அணைந்துபோகும்போதெல்லாம் போன் எடுத்துச் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். அவர்கள் ஒருமுறை திறந்து, வராமல் போனால், இரண்டாவது முறை திறக்க மாட்டார்கள்.

இடிமின்னல் அடுத்தது. அக்டோபர் மாதத்து மாலை ஒன்றில் எங்கள் வீட்டில் மோடம், ரௌட்டர், அதோடு கம்பியில் இணைத்திருந்த சிறு சர்வர் மூன்றும் ஒரே அடியில் போயின. மின்சாரப் பக்கம் பாதுகாப்புக் கட்டை போட்டிருந்தேன். அடி வந்தது வெளியிலிருந்து வரும் கம்பி வழியாக. அதிர்ஷ்டவசமாக வட்டு தப்பியது. அதற்குப் பிறகு எனக்கு ஒரு தெளிவு வந்தது. வீட்டு மெஷின் வேண்டும், ஆனால் அது வாசல் கதவாக இருக்கக்கூடாது, பின்கட்டு அலமாரியாக இருக்க வேண்டும். அதாவது, ஊர் பார்க்கும் விக்கி வெளியில் ஒரு வாடகை சர்வரில் ஓடட்டும். வீட்டு மெஷின் ஒவ்வொரு இரவும் அதிலிருந்து நகல் எடுத்து வைத்துக்கொள்ளட்டும். இந்த ஏற்பாட்டுக்குத் தனி முகவரி தேவையில்லை, ஏனென்றால் வீட்டு மெஷின்தான் வெளியே போய் எடுத்து வருகிறது. மின்சாரம் போனால் ஒரு நாள் நகல் தவறும், அவ்வளவுதான். நகல் எடுக்கும் பலகையில் மெமரி கார்டை நம்பாமல் ஒரு எஸ்எஸ்டி மாட்டுங்கள். எழுதி எழுதித் தேய்ந்துபோவது கார்டுதான்.

வாடகை சர்வர் எந்த நாட்டில்? கண்ணாடி இழையில் ஒளி நொடிக்கு ஏறக்குறைய 200,000 கிலோமீட்டர் போகும். பினாங்கிலிருந்து சிங்கப்பூர் நேர்க்கோட்டில் 600 கிலோமீட்டர் அளவு, போய்வர 6 மில்லிநொடி. ஃபிராங்க்ஃபர்ட் 10,000 கிலோமீட்டர் அளவு, போய்வர 100. கேபிள் வளைந்து வளைந்து போவதால் உண்மையில் இரண்டுமே இதைவிடக் கூடும். பாதுகாப்பான பக்கம் ஒன்றைத் திறக்க, முதல் எழுத்து வருவதற்கு முன் வழக்கமாக மூன்று தடவை போய்வர வேண்டும். சிங்கப்பூர் என்றால் கண் உணராது. ஐரோப்பா என்றால் ஒவ்வொரு சொடுக்குக்கும் ஒரு சிறு தயக்கம் தெரியும். எழுதுபவர்களுக்கு அது எரிச்சல். கோலாலம்பூர்ப் பக்கமும் இப்போது வசதி வந்துவிட்டது. அமேசான் தன் மேகக் கணினிச் சேவையின் மலேசிய வட்டாரத்தை 2024 ஆகஸ்டில் திறந்தது. ஆனாலும் குடும்ப விக்கிக்கு நான் அந்த மாதிரிப் பெரிய மேகங்களைச் சொல்ல மாட்டேன். அங்கே வெளியே போகும் தரவுக்கு ஜிபி கணக்கில் பில் வரும். மாதம் எவ்வளவு வரும் என்று முன்கூட்டித் தெரியாத பில் ஒரு குடும்பத்துக்கு ஏற்றதல்ல. சிங்கப்பூரில் இடம் வைத்திருக்கும் சிறு வாடகை நிறுவனங்கள் மாதம் 5, 6 அமெரிக்க டாலருக்கு 1 ஜிபி நினைவகம் உள்ள சர்வரைத் தருகின்றன. நாணய மாற்றைப் பொறுத்து 25 வெள்ளி (ரிங்கிட்) அளவில் வரும். வெளிநாட்டு இணையச் சேவைகளுக்கான சேவை வரி 2024 மார்ச் முதல் 8 விழுக்காடு, அதையும் கூட்டிக்கொள்ளுங்கள்.

லினக்ஸ் பக்கமே போக மாட்டேன் என்பவர்களுக்கு உள்ளூர்ப் பகிர்வு ஹோஸ்டிங், அதாவது ஒரே சர்வரைப் பலர் பகிர்ந்துகொள்ளும் வாடகை இடம், இருக்கிறது. டோக்குவிக்கி அதில் ஓடும். வாங்கும் முன் இரண்டு விஷயம் கேளுங்கள். இரண்டாம் ஆண்டு விலை என்ன? முதல் ஆண்டுத் தள்ளுபடி முடிந்ததும் ஏறும். கோப்பு எண்ணிக்கைக்கு வரம்பு உண்டா? டோக்குவிக்கி ஒவ்வொரு திருத்தத்துக்கும் ஒரு பழைய நகலை வைக்கும். 400 பக்கத்தில் பக்கத்துக்கு 40 திருத்தம் என்றால் பழைய நகல்களே 16,000 கோப்பு. இடம் நிறைய இருக்கும்போதே எண்ணிக்கை முட்டி நின்றுவிடும்.

இலவசமாக விக்கி தரும் தளங்களையும் ஒதுக்கிவிட முடியாது, தொடங்கிப் பார்க்க அவை நல்ல இடம். ஆனால் அங்கேயே தங்கிவிட வேண்டாம். பள்ளிகளும் ஆசிரியர்களும் நம்பியிருந்த விக்கிஸ்பேசஸ் 2018-இல் மூடத் தொடங்கியது. தன்னார்வலர்கள் நடத்தும் மிராஹீஸ் 2023 ஜூனில் மூடப்போவதாக அறிவித்தது. பிறகு புதியவர்கள் பொறுப்பேற்றுத் தொடர்கிறார்கள், அது நல்ல செய்தி. ஆனால் அந்தச் சில நாட்களில் எத்தனை பேர் அவசர அவசரமாகத் தங்கள் பக்கங்களை இறக்கியிருப்பார்கள்! மாதம் ஒருமுறை முழு ஏற்றுமதி எடுக்க வழியில்லாத எந்த இடத்திலும் பாட்டியின் கதையை வைக்காதீர்கள்.

இப்போது விக்கிகளுக்குப் புதிதாக ஒரு சுமை வந்திருக்கிறது. ஏஐ நிறுவனங்களுக்காகத் தரவு திரட்டும் ரோபோக்கள். இணையத்தில் 24 மணி நேரமும் வலம் வருகின்றன. விக்கியின் அமைப்பு இவற்றுக்குப் பெரும் தீனி. 40 முறை திருத்திய ஒரு பக்கத்தில், எந்த இரண்டு திருத்தத்தையும் ஒப்பிட்டுக் காட்டச் சொல்லலாம். அப்படி 780 ஜோடி உண்டு. 400 பக்கத்துக்கு 312,000. நாம் எழுதியது 400 பக்கம், சர்வரைத் தயாரிக்கச் சொல்லிக் கேட்கக்கூடியது 3 லட்சத்துக்கு மேல். விக்கிமீடியா அறக்கட்டளையே 2025 ஏப்ரலில், படங்களையும் ஒலிக் கோப்புகளையும் இறக்குவதற்கான அலைவரிசைப் பயன்பாடு 2024 ஜனவரியிலிருந்து 50 விழுக்காடு கூடியதாகச் சொன்னது. அவ்வளவு பெரிய இடமே திணறும்போது 1 ஜிபி சர்வர் என்ன செய்யும்? ரோபோக்களுக்கான அறிவிப்புக் கோப்பு ஒரு வேண்டுகோள்தான், மதிக்காதவர்கள் மதிக்க மாட்டார்கள். வரலாறு, ஒப்பீடு, பழைய நகல் ஆகியவற்றை உள்நுழைந்தவர்கள் மட்டும் பார்க்கும்படி பூட்டிவிடுங்கள்.

குடும்ப விக்கியென்றால் நான் ஒரு படி மேலே போய், படிப்பதற்கே கடவுச்சொல் வேண்டும் என்பேன். பிஸ்கட் டின்னில் என்ன இருந்தது என்று யோசியுங்கள். அடையாள அட்டை எண், பிறந்த தேதி, பழைய முகவரி, யார் யாரிடம் கடன் வாங்கினார் என்ற கடிதம். 2010-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வணிகப் பரிவர்த்தனைகளைப் பற்றியது, குடும்ப, இல்ல அலுவல்களுக்கு விலக்கு உண்டு. சட்டம் விட்டுவிடும். ஆனால் உயிரோடு இருக்கும் அத்தையின் விவரத்தைக் கூகிளில் தேடி யாரோ போன் போட்டு ஏமாற்றினால் அதற்கு நாம்தானே பொறுப்பு? ஸ்கேனை ஏற்றும் முன் அடையாள அட்டை எண்ணை மறைத்துவிடுங்கள். மறைக்காத மூலம் வீட்டு வட்டில் இருக்கட்டும். ஊருக்குப் பொதுவான பக்கங்களை, தோட்டத்தின் வரலாறு, பள்ளியின் வரலாறு போன்றவற்றை, தனிப் பிரிவில் வைத்துத் திறந்துவிடலாம். டோக்குவிக்கியில் பிரிவுவாரியாக அனுமதி கொடுப்பது எளிது.

பாதுகாப்புச் சான்றிதழுக்குக் காசு கொடுக்காதீர்கள். லெட்ஸ் என்கிரிப்ட் இலவசமாகத் தருகிறது, காலாவதியாகும் முன் தானாகப் புதுப்பித்துக்கொள்ளும்படி அமைத்துவிடலாம்.

தமிழில் இணையத்தள முகவரி வைக்க ஆசைப்படுகிறவர்களுக்கு ஒரு தகவல். நாட்டுப் பெயரில் முடியும் தமிழ் எழுத்து முகவரிகள் .இந்தியா, .இலங்கை, .சிங்கப்பூர் மூன்றும்தான். மலேசியாவுக்கு இருப்பது ஜாவி எழுத்தில். எந்த முகவரி எடுத்தாலும் அதைக் குடும்பத்தில் இரண்டு பேர் பார்த்துக்கொள்ள வேண்டும். என் அனுபவத்தில் குடும்ப விக்கிகளும் கோயில் தளங்களும் நின்றுபோவதற்குக் காரணம் ஹேக்கரும் இல்லை, வட்டும் இல்லை. கடன் அட்டை காலாவதியாகிறது, எச்சரிக்கை மின்னஞ்சல் யாரும் திறக்காத முகவரிக்குப் போகிறது, தளத்தின் முகவரி கைமாறிவிடுகிறது. எங்கள் விக்கிக்கு இப்போது முகவரிப் பதிவு என் பெயரில், சர்வர் கணக்கு தம்பி பெயரில், இரண்டுக்கும் எச்சரிக்கை இரண்டு பேருக்கும் வருகிறது. கணக்கு விவரங்களையும் மீட்கும் முறையையும் ஒரு ஏ4 தாளில் அச்சடித்து, உறையில் போட்டு, அந்த பிஸ்கட் டின்னிலேயே வைத்திருக்கிறோம்.

மீட்கும் முறை என்றேன். காப்பு இருக்கிறது என்பது வேறு, அதிலிருந்து விக்கி எழுந்து நிற்கும் என்பது வேறு. இரண்டாவதைச் சோதித்துப் பார்த்தால் மட்டும்தான் தெரியும். போன பள்ளி விடுமுறையில் செந்தூலில் இருக்கும் அக்கா மகளிடம் அந்தத் தாளின் நகலையும், வீட்டு மெஷின் எடுத்துவைத்த காப்பையும் ஒரு பென்டிரைவில் கொடுத்தேன். அவளுக்கு வயது 19, சர்வர் வேலை எதுவும் செய்ததில்லை. பழைய லேப்டாப் ஒன்றில் லினக்ஸ் மட்டும் போட்டுக் கொடுத்தேன். தாளில் உள்ளதைத் தவிர எதையும் என்னிடம் கேட்கக்கூடாது என்பது ஏற்பாடு.

45 நிமிடத்தில் போன் வந்தது. "மாமா, எழுத்தெல்லாம் வந்துருச்சு. பாட்டி நண்டுக் குழம்பு கூட இருக்கு. ஆனா படம் ஒண்ணுமே வரல."

தேடிப் பார்த்தால் தவறு என்னுடையது. டோக்குவிக்கியில் பக்கங்கள் ஒரு கோப்புறை, பழைய நகல்கள் ஒரு கோப்புறை, யார் எப்போது திருத்தினார் என்ற விவரம் ஒன்று, அமைப்புகள் ஒன்று. இந்த நான்கையும் காப்புப் பட்டியலில் எழுதியிருந்தேன். ஸ்கேன்கள் அதிகமானபோது மீடியா கோப்புறையை சர்வரில் வேறு வட்டுக்கு மாற்றினேன், பட்டியலில் அதன் புது இடத்தைச் சேர்க்கவில்லை. எட்டு மாதம் ஒவ்வொரு இரவும் காப்பு வெற்றி என்று செய்தி வந்துகொண்டிருந்தது, எட்டு மாதமும் அதில் ஒரு படம்கூட இல்லை. அன்றிரவே அந்த ஒரு வரியைச் சேர்த்தேன். தாளிலும் ஒரு வரி கூடியது: படங்கள் வருகிறதா என்று பார்க்க எந்த மூன்று பக்கங்களைத் திறக்க வேண்டும் என்று. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவள் லேப்டாப்பை மறுபடியும் அழித்துவிட்டு முதல் வரியிலிருந்து தொடங்கினாள்.